சாராயத்துக்கு ஒரு சட்டம், சாதிக்கு ஒரு சட்டம்

எக்கியார்குப்பம் போக வேண்டும் என்று மரக்காணத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் சொன்னால், "சாராயச் சாவு நடந்துச்சே, அங்கயா சார்?" என்றுதான் கேட்கிறார். ஊருக்கு இன்று அதுவே முகவரியாகிவிட்டது. 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இந்தப் பகுதியில் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் விழுந்தன. அதற்கு முன் இந்தக் குப்பத்தின் பெயரை அறிந்தவர்கள் மீன் வியாபாரிகளும் மீன்வளத் துறைக்காரர்களும்தான்.

நான் இறங்கியபோது ஏலம் முடிந்திருந்தது. ஃபைபர் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. நிழல் கிடைத்த பக்கம் நாலைந்து பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். விற்காமல் மிஞ்சிய மீனைக் கருவாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, "பேங்க்லேருந்து வர்றியா தம்பி?" என்றார். பத்திரிகை என்றதும் அவருக்கு என்மேல் இருந்த அக்கறை போய்விட்டது. பத்திரிகைக்காரர்களை அந்த மே மாதமே இந்த ஊர் சலிக்கச் சலிக்கப் பார்த்துவிட்டது.

வலை பொத்தியவர்களில் மூத்தவர்தான் பேசினார். "மந்திரிங்க, கலெக்டரு, டிவிக்காரங்க, எல்லாரும் வந்து எறங்கிட்டாங்க. வீட்டு வீட்டுக்கு டாக்டர் வந்து, குடிச்சவன் எவன்னு தேடிப் புடிச்சு வண்டியில ஏத்துனாங்க. கவர்மெண்டு நெனச்சா இவ்ளோ வேகமா ஓடும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது." பக்கத்தில் இருந்த இளைஞர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சரக்கு எங்க விக்குதுன்னு ஊருக்கே தெரியும். தெரிய வேண்டியவங்களுக்கு மட்டும் செத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

வேகம் உண்மைதான். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம் என்று அறிவிப்பு வந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒரு வாரம் ஆவதற்குள் விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருக்குக் கீழே மதுவிலக்குப் பிரிவிலும் காவல் நிலையத்திலும் இருந்தவர்கள் வரிசையாகப் போனார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அப்படியே: ஆட்சியர் மாற்றம், கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம், அந்த மாதமே சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம், ஆயுள் வரை தண்டனை.

சாராயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை இந்தக் கடற்கரைக்கு இழுத்தது அந்தப் பணியிடை நீக்கப் பட்டியல்தான். ஒரு சட்டம் காகிதத்தில் இருக்கிறது, அதை அமல்படுத்தச் சம்பளம் வாங்குகிறவர் அமல்படுத்தவில்லை, அதனால் உயிர் போகிறது என்றால் அவரைப் பொறுப்பாக்க வேண்டும். இந்த எளிய கணக்கு அரசுக்குத் தெரியாமல் இல்லை. அப்படியானால் தீண்டாமைக்கும் வன்கொடுமைக்கும் எதிரான சட்டங்கள் விஷயத்தில் இதே விழுப்புரம் மாவட்டத்தில் இதே கணக்கு ஏன் போடப்படுவதில்லை? குப்பத்திலிருந்து மரக்காணம் பக்கம் நடந்தே போகலாம் என்று கிளம்பினேன்.

உப்பளத்து வழி வெயிலுக்கு ஏற்றதல்ல. பாத்திகளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூச வைக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வெட்டிக்கொண்டு வந்த பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம். அந்தப் பக்கம் கழுவெளி, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். பறவைகளுக்கு உலக அளவில் பாதுகாப்பு கிடைத்துவிட்டது, நல்ல விஷயம்.

வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கூலி பற்றிக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆம்பளைக்குக் கூட. அது எப்பவும் அப்பிடித்தான?" என்றார் ஒருவர். வாருவது ஆண், சுமப்பது பெண், அதனால் வேலை வேறு, கூலி வேறு என்று அளத்துக்காரர்கள் சொல்வார்களாம். சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கு மட்டும் அல்ல, அதையொத்த வேலைக்கும் ஒரே கூலி என்றது அது. இப்போது அந்தச் சட்டம் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கரைந்து, 2025 நவம்பரில் தொகுப்பே அமலுக்கும் வந்துவிட்டது. தலையில் உப்புக் கூடை சுமப்பதும் பாத்தியில் பலகை பிடித்து வாருவதும் ஒத்த வேலையா இல்லையா என்று தீர்மானிக்க ஓர் ஆய்வாளர் இந்த வரப்பில் வந்து நிற்க வேண்டும். அப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா என்றேன். "மழைக்கால பணம் அஞ்சாயிரம் வருமே, அதுக்கு எழுத வந்தாங்க," என்றார் இன்னொருவர்.

உப்பு எடுக்க முடியாத மழை மாதங்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்தைத்தான் அவர் சொல்கிறார். பணம் கொடுக்கிற அரசு உப்பளத்தின் வரப்புவரை வந்துவிடுகிறது. சட்டத்தை நடத்துகிற அரசுக்கு அந்த வழி தெரிவதில்லை. இந்தக் கடற்கரையில் எங்கே திரும்பினாலும் இந்த வேறுபாடுதான் கண்ணில் பட்டது. குப்பத்திலும் 10 லட்சம் வந்தது. ஆனால் அங்கே அதோடு நிற்கவில்லை, அலுவலர்களும் போனார்கள். அதுதான் அந்தச் சம்பவத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது.

மரக்காணம் கட்டையன் தெரு என்று கேட்டுப் போனேன். வழி சொன்னவர், "எதுக்கு?" என்று ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் கையைக் காட்டினார். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய விழாவுக்கு வண்டி வண்டியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்கள் போனார்கள். மரக்காணத்தில் மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்றது பாட்டாளி மக்கள் கட்சி. யார் முதல் கல்லை எறிந்தது என்பதற்கு இன்றும் இரண்டு கதைகள் உண்டு. வீடுகள் எரிந்தன என்பதில் இரண்டு கதை இல்லை.

தெருவில் இன்று பார்க்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், வாசலில் காயும் துணி, மோட்டார் சைக்கிள்கள். தன் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பணம் குடுத்தாங்க. கட்டிக்கிட்டோம். அதையே எத்தினி வாட்டி சொல்றது?" என்றார். சற்று இடைவெளி விட்டு, "அன்னிக்குக் காலையிலேருந்து வண்டி போய்க்கிட்டுத்தான இருந்துச்சு. பந்தோபஸ்து போட்டுருந்தா நின்னுருக்குமா நிக்காதா, நீங்களே சொல்லுங்க," என்று கேட்டார்.

அவர் கேட்டது வெறும் ஆதங்கம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிற கேள்வி. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-இல் விதிகள் வகுத்தபோது, எந்தெந்த இடத்தில் வன்கொடுமை நடக்க வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும், அங்கே தடுப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முதலிலேயே எழுதினார்கள். சட்டத்தின் பெயரிலேயே தடுப்பு இருக்கிறது. மரக்காணத்துக்கு ஐந்தரை மாதம் முன்னால், 2012 நவம்பர் 7 அன்று, தர்மபுரியில் தலித் குடியிருப்புகளான நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்து முடிந்திருந்தன. எச்சரிக்கைக்கு வேறு என்ன வேண்டும்? சரி, தடுக்கவே முடியாதா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025 மே 11 அன்று திருவிடந்தையில் அதே விழா நடந்தது. காவல் துறை முன்கூட்டியே ஏற்பாடுகளைச் செய்தது. 2013 திரும்ப நடக்கவில்லை. சாலை அதே சாலை, ஊர்களும் அதே ஊர்கள்தான்.

மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு வழக்கறிஞர் நண்பரைச் சந்தித்தேன். திண்டிவனம், விழுப்புரம் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளை நடத்துகிறவர். பெயர் வேண்டாம் என்றார். நாளைக்கும் அதே காவல் நிலையங்களுக்குப் போய் நிற்க வேண்டியவர் அவர்.

"சட்டத்துல ஓட்டைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சு ஓட்டையே இல்லாத சட்டம் இதுதான்," என்று தொடங்கினார். ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். முன்ஜாமீன் கிடையாது. புகார் வந்தால் முன்விசாரணை தேவையில்லை, நேரடியாக வழக்குப் பதியலாம். இதை 2018-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியபோது, நாடாளுமன்றம் அந்த ஆண்டே திருத்தம் போட்டு மீட்டது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக்கூடாது. 60 நாளில் குற்றப்பத்திரிகை. விசாரிக்கத் தனி நீதிமன்றம், விழுப்புரத்திலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் வந்துபோகும் செலவு முதல் பாதுகாப்புவரை 2016-இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் எழுதியிருக்கிறது. "அப்புறம் ஏன் நிக்கல? ஏன்னா ஸ்டேஷன் வாசல்லயே முடிஞ்சு போகுது."

எப்படி முடிகிறது? புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கைக்குப் பதில் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது. அது வெறும் ரசீது, வழக்கு அல்ல. பிறகு, "ரெண்டு தரப்பையும் கூப்புட்டுப் பேசலாம்." அதற்கும் மசியவில்லை என்றால், புகார் கொடுத்தவர் மேலேயே எதிர்வழக்கு. அடி வாங்கியவனும் ஜாமீனுக்கு அலைய வேண்டிய நிலை வந்தால் சமரசம் தானாக வந்துவிடும். விவகாரம் பெரிதாகிவிட்டால் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். வட்டாட்சியர் நடுவில் உட்கார்ந்திருப்பார். கோயிலுக்குள் வரலாமா, சுடுகாட்டுக்குப் பொதுப்பாதையில் பிணத்தைக் கொண்டுபோகலாமா என்று பேச்சுவார்த்தை நடக்கும். குற்றம் என்று சட்டம் எழுதிவைத்ததைப் பேசி முடிவெடுக்கிற விஷயமாக்கும் இந்தக் கூட்டத்துக்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது என்பது அவர் வாதம். சாராய வியாபாரியையும் குடித்தவரையும் உட்கார வைத்து யாராவது சமாதானக் கூட்டம் நடத்தியிருக்கிறார்களா என்று நான் கேட்டேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஊர்ப் பேச்சில் இந்த வழக்குகள் எல்லாவற்றுக்கும் "பி.சி.ஆர். கேஸ்" என்றுதான் பெயர். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமாகப் பிறந்து 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறிய சட்டத்தின் சுருக்கம் அது. கடையில் பொருள் தர மறுப்பது, கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பது, கோயில் வாசலில் நிறுத்துவது, முடிவெட்ட மறுப்பது எல்லாம் அதில் குற்றம். 2022-இல் இந்தியா முழுவதும் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவானவை 13 வழக்குகள். அதே ஆண்டு பட்டியல் சமூகத்தினருக்கு எதிரான குற்றங்களாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கெடுத்தவை 57,582. வழக்குகள் பெரும்பாலும் வன்கொடுமைச் சட்டத்துக்கு மாறிவிட்டன என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அடிதடி, கொலை, வன்புணர்வு என்று ஆனால் அந்தச் சட்டம் வரும். டீக்கடை, கோயில், சலூன் என்ற அளவில் நிற்கிற தீண்டாமைக்கு ரத்தம் சிந்தும்வரை வழக்கு இல்லை என்பதுதான் நடைமுறை.

இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம், இந்த வட்டாரத்துக்கு இச்சட்டங்கள் புதியவை அல்ல என்பது. பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிய இரட்டைமலை சீனிவாசன், வடக்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துக்காரர். 1938-இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம். நாடு குடியரசாகும் முன்பே சென்னை மாகாணம் இத்தனையும் எழுதிவிட்டது. எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

கழுவெளி ஓரமாக இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது என்று நண்பர்தான் காட்டினார். மறுநாள் காலை போனபோது ஆண்கள் நண்டும் இறாலும் பிடிக்கத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கையாலேயே தடவிப் பிடிப்பது இவர்கள் தொழில். வீட்டில் இருந்த ஒரு பெண், பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிய காகிதக் கட்டை எடுத்து விரித்தார். குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மனுக்களின் நகல்கள். எல்லாம் இருந்தது, சாதிச் சான்றிதழ் தவிர. "எங்க மாமனாருக்கே இல்லையாம். அதனால எங்களுக்கும் இல்லைங்கறாங்க."

பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் சான்று தரலாம். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். இங்கிருந்து அதற்குத் திண்டிவனம் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் காசு போகும், அதிகாரி அன்று கேம்ப் போயிருப்பார். இருளர் பழங்குடி என்பது ஊரறிந்த, அரசிதழ் அறிந்த விஷயம். ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் தன்னை நிரூபித்தாக வேண்டும். சான்று இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு மட்டும் தடைபடுவதில்லை. ஒருவன் அடித்துவிட்டான் என்று போனால், காவல் நிலையத்தில் முதல் கேள்வி, "கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கா?" இல்லை என்றால் சாதாரணப் பிரிவில் அடிதடி வழக்கு, அதுவும் பதிந்தால்தான். ஏழு நாளுக்குள் தர வேண்டிய முதல்கட்ட நிவாரணமும் சான்றுக்காகக் காத்திருக்கும். வன்கொடுமைச் சட்டத்தின் கதவுக்குப் பூட்டு போட வேறு யாரும் வேண்டாம், ஒரு சான்றிதழை இழுத்தடித்தால் போதும்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990-களிலிருந்து செய்கிற வேலையில் பாதி இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் ஓடுவதுதான். 'ஜெய் பீம்' படம் 2021-இல் வந்தபோது தமிழ்நாடே இருளருக்காகக் கண் கலங்கியது. படம் பார்த்த கையோடு சில இடங்களில் அதிகாரிகளே வீடு தேடிப் போய்ச் சான்று கொடுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. தேடிப் போனால் கொடுத்துவிட முடிகிற சான்றுக்கு முப்பது வருடம் மனு எழுத வேண்டியிருந்தது ஏன் என்று அப்போது யாரும் விளக்கம் கேட்கப்படவில்லை.

இதே மாவட்டத்தின் மேல்பாதி கிராமத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 2023 ஏப்ரலில், எக்கியார்குப்பம் சாவுகளுக்கு ஒரு மாதம் முன், அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன பட்டியல் சமூகத்தினர் தாக்கப்பட்டார்கள். சமாதானக் கூட்டங்கள் நடந்தன. பலிக்கவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. எந்தப் பிரிவில்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவில். நிலத்துக்கும் நீருக்கும் இரண்டு பேர் சண்டை போட்டு அமைதி கெடும் என்று தோன்றும்போது பயன்படுத்திவந்த பிரிவு அது. கோயிலுக்குள் போகும் உரிமை 1947-இலேயே முடிவான விஷயம். அரசு அதை வரப்புத் தகராறாக மாற்றிக்கொண்டது. உள்ளே போக விரும்பியவரும் தடுத்தவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள், இருவருக்கும் பூட்டு. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவால் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரல் 17 அன்றுதான் நீதிமன்ற உத்தரவுடன், போலீஸ் காவலுடன் பட்டியல் சமூக மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். இரண்டு வருடம். சாராய வழக்கில் கண்காணிப்பாளரை நீக்க ஒரு வாரம் ஆகவில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் நண்பர் கைப்பேசியில் ஒரு பிரிவைத் திறந்து காட்டியிருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஓர் அரசு ஊழியர் இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. கடமைகள் எவை என்பதையும் 2015 திருத்தம் பட்டியல் போட்டிருக்கிறது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, வழக்குப் பதிவது, நகலைக் கொடுப்பது, வாக்குமூலம் பதிவது, 60 நாளில் குற்றப்பத்திரிகை தருவது. சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்புகிற ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலில் ஒன்று மீறப்படுகிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நிர்வாக விசாரணை நடந்து, அது பரிந்துரைத்தால்தான் இந்தப் பிரிவில் வழக்கு. அதாவது, துறையே தன் ஆளை விசாரித்து, துறையே வழக்குப் போடச் சொல்ல வேண்டும். "என் சர்வீஸ்ல இந்தப் பிரிவுல ஒரு ஆபீசர் தண்டனை வாங்கி நான் பார்த்ததில்லை," என்றார்.

துறை தன் ஆளை விசாரிக்காது என்பதல்ல என் வாதம். எக்கியார்குப்பத்தில் விசாரித்ததே! சாராயம் என்றால் ஆட்சிக்கு அவமானம், சட்டமன்றத்தில் அமளி, தொலைக்காட்சியில் இரவு விவாதம். தீண்டாமை ஊர் வழக்கம். அதற்கு ஒரு கண்காணிப்பாளரைப் பலி கொடுக்க எந்தக் கட்சி ஆட்சிக்கும் மனம் வராது. பலி கொடுத்தால் அந்த ஊர் ஓட்டு என்ன ஆகும் என்ற கணக்கு முன்னால் வந்து நிற்கும். வட தமிழகத்தில் இரண்டு பெரிய சமூகங்களின் ஓட்டுமே வேண்டும் என்கிறபோது, சமாதானக் கூட்டம் மாதிரி வசதியான ஏற்பாடு வேறில்லை.

வெளியே வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த சட்டங்களின் வழியாக, பதவியின் அதிகாரத்தை வைத்துக் குடிமகனின் உரிமையைப் பறிக்கும் அலுவலரையே கூட்டாட்சி அரசு குற்றவாளியாக்க முடியும். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திய டெரெக் சாவின், கொலை வழக்கில் தண்டனை பெற்ற பிறகும் விடப்படவில்லை. 2021 டிசம்பரில் அந்தக் குடியுரிமைச் சட்டத்தின்கீழும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கர்நாடகத்தில் குடியுரிமை அமலாக்கத்துக்கென்றே 1974 முதல் ஓர் இயக்ககம் இருக்கிறது. 2025-இல் அதற்கு மாவட்டந்தோறும் சொந்தக் காவல் நிலையங்கள் கொடுத்தார்கள். உள்ளூர் நிலையத்தின் வாசலைத் தாண்டாமலே ஒருவர் வழக்குப் பதியலாம். தமிழ்நாட்டிலும் காவல் துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு உண்டு. ஆனால் பதிவேடு உள்ளூர் நிலையத்தில்தான் இருக்கிறது, பேனாவும் அங்கேதான்.

கண்காணிக்க ஏற்பாடு இல்லையா என்றால், அதுவும் எழுதியிருக்கிறது. முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கூடாமல் கிடந்த அந்தக் குழு 2021 ஆகஸ்டில் ஸ்டாலின் தலைமையில் கூடியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த ஆண்டே ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையமும் வந்தது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு விழிக்கண் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். வழக்குகள் ஏன் தேங்குகின்றன, நிவாரணம் போனதா, எந்த அலுவலர் என்ன செய்தார் என்பதை அங்கே வைத்துத்தான் கேட்க முடியும். நான்காம் பிரிவுக்கான நிர்வாக விசாரணை எங்காவது தொடங்க வேண்டும் என்றால் அந்த மேசையில்தான் தொடங்க வேண்டும். கூட்டம் நடந்ததும் மதிய உணவுப் பொட்டலத்தோடு கலைவதும் நடவடிக்கைக் குறிப்பில் "விவாதிக்கப்பட்டது" என்று எழுதுவதும் போதாது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்ட விழிக்கண் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகள் எத்தனை. நான்காம் பிரிவின்கீழ் எத்தனை அலுவலர்கள் மீது நிர்வாக விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் 14566 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியலாம், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விழுப்புரத்துக்கான மனுவை நான் போட்டுவிட்டேன். மற்ற மாவட்டங்கள் உங்கள் பொறுப்பு.